விற்பவரைக் கட்டாத விதிகள்: பசிபிக் வட்டாரத்தில் வணிகமும் எரிசக்தியும்

2022 ஜனவரி 1 அன்று பசிபிக்கின் மேற்குக் கரையில் இரண்டு முடிவுகள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. ஒன்று, ஆர்செப் எனப்படும் வட்டார விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம். சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா உட்பட முதலில் ஒப்புதல் அளித்த பத்து நாடுகளுக்குள் அது அன்று அமலானது. மற்றொன்று, இந்தோனேசிய அரசு பிறப்பித்த நிலக்கரி ஏற்றுமதித் தடை. அனல் மின் நிலையங்களுக்கான நிலக்கரியை உலகிலேயே அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு, தன் மின் நிறுவனமான பி.எல்.என்.னின் சுமார் 20 நிலையங்களில் கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குக் கப்பல்களை நிறுத்தியது. ஜப்பானும் தென் கொரியாவும் பிலிப்பைன்ஸும் தடையை விலக்கும்படி முறையிட்டன. ஜனவரி நடுவிலிருந்து தடை படிப்படியாகத் தளர்ந்தது.

இந்தோனேசியா ஆர்செப்பில் கையெழுத்திட்டிருந்த நாடுதான். ஒப்புதல் அளித்து உள்ளே வந்தது 2023 தொடக்கத்தில். ஆனால் முதல் நாளே உள்ளே வந்திருந்தாலும் அந்தத் தடையை ஒப்பந்தம் நிறுத்தியிருக்காது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அறுபது ஆண்டுகளாகப் பசிபிக் வட்டாரத்தில் நடந்துவரும் கொள்கை ஆய்வு, வாங்கும் நாடு தன் சந்தையை எப்படித் திறக்க வேண்டும் என்பதை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறது. தட்டுப்பாடு வரும்போது விற்கும் நாடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அது பெரும்பாலும் தொடவில்லை. எரிசக்தியைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

ஆய்வரங்கில் பிறந்த வட்டாரம்

ஐரோப்பியச் சந்தையை உருவாக்கியவர்கள் அரசியல்வாதிகள் என்றால், பசிபிக் என்ற பொருளாதார வட்டாரத்தை முதலில் கற்பனை செய்தவர்கள் பொருளியல் பேராசிரியர்கள். ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோஷி கொஜிமா 1965இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து வளர்ந்த நாடுகள் சேர்ந்து ஒரு தடையற்ற வர்த்தகப் பகுதியை அமைக்க வேண்டும் என்பது அது. ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் தகேயோ மிகியின் ஆதரவோடு 1968 ஜனவரியில் டோக்கியோவில் அறிஞர்கள் கூடினார்கள். திட்டம் காலத்துக்கு முந்தியது என்று ஒதுக்கப்பட்டது. கூடிய மாநாடு மட்டும் நிலைத்தது. பசிபிக் வணிக, வளர்ச்சி மாநாடு என்ற தொடர் அப்படித்தான் தொடங்கியது.

அந்த ஆய்வுகளுக்குப் பின்னணியில் ஒரு நடைமுறைத் தேவை இருந்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானுக்குத் தாதுவும் எரிபொருளும் வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு அவற்றை வாங்க ஆள் வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியா 1938 முதல் இரும்புத் தாது ஏற்றுமதியைத் தடை செய்திருந்தது. 1957இல் இரு நாடுகளும் வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகும் தடை தொடர்ந்தது, 1960இல்தான் தளர்ந்தது. அதன் பிறகே மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா சுரங்கங்கள் திறந்தன. பசிபிக் கனிம வணிகத்தின் கதை விற்பவர் ஒருவர் தன் தடையை நீக்கியதில் தொடங்குகிறது. பின்னாளைய ஆய்வுகள் இறக்குமதி வரியின் மேல் கண் வைத்ததில் இந்த உண்மை பின்னுக்குப் போய்விட்டது.

1976இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கிராஃபோர்டும் ஜப்பானின் சபுரோ ஒகிதாவும் தங்கள் அரசுகளுக்கு அளித்த அறிக்கை, இரு நாட்டு உறவை மேற்குப் பசிபிக் முழுமைக்குமான சட்டகத்தில் வைத்துப் பார்த்தது. 1980இல் பிரதமர்கள் மசயோஷி ஒஹிராவும் மால்கம் ஃபிரேசரும் கொடுத்த ஊக்கத்தில் கான்பெராவில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அரசு அதிகாரிகள், தொழிலதிபர்கள், ஆய்வாளர்கள் என்று மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமரும் பசிபிக் பொருளாதாரக் கூட்டுறவு மன்றம் அதிலிருந்து வளர்ந்தது. அதிகாரிகள் அங்கே தனி நபர்களாக வந்தார்கள் என்பதால், அரசு சொல்ல முடியாததை அவர்கள் சொல்ல முடிந்தது. 1989 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் சியோலில் அழைப்பு விடுத்தபோது, பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் கான்பெராவில் 12 பொருளாதாரங்களோடு ஏபெக் எனப்படும் ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டுறவு அமைப்பு பிறந்தது. 1998இல் உறுப்பினர் எண்ணிக்கை 21 ஆனது.

ஏபெக்கின் இயல்பைத் தீர்மானித்த கருத்து 'திறந்த வட்டாரவாதம்'. உறுப்பினருக்குக் கொடுக்கும் சலுகையை வெளியாருக்கும் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை, ஒவ்வொருவரும் தானே அறிவித்துத் தானே நிறைவேற்ற வேண்டும், மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். 1994இல் இந்தோனேசியாவின் போகோரில் தலைவர்கள் கூடி, வளர்ந்த நாடுகள் 2010க்குள்ளும் வளரும் நாடுகள் 2020க்குள்ளும் தடையற்ற வர்த்தகத்தை எட்டும் என்று அறிவித்தார்கள். சீனாவையும் அமெரிக்காவையும் தைவானையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேறு வழியும் இருந்திருக்காது.

ஆனால் இந்த முறையின் எல்லை சீக்கிரமே தெரிந்தது. 1997இல் எரிசக்தி உட்பட ஒன்பது துறைகளில் விரைவாக வரி குறைப்பது என்று ஏபெக் முடிவெடுத்தது. மீன், மரப்பொருள் ஆகிய இரண்டிலும் ஜப்பான் மறுத்தது. 1998இல் கோலாலம்பூர்க் கூட்டத்தில் அந்த முயற்சி உடைந்தது. கட்டாயமில்லாத முறை, எதிர்ப்பு இல்லாத இடங்களில்தான் வேலை செய்யும் என்ற பாடம் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. அடுத்த இருபது ஆண்டுகள் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களின் காலம் ஆயின.

மாதிரிகள் எண்ணியதும் எண்ணாததும்

அந்த ஒப்பந்தங்களில் அதிகம் ஆராயப்பட்டது டி.பி.பி. எனப்பட்ட பசிபிக் கடந்த கூட்டாண்மை. புருனே, சிலி, நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆகிய நான்கு சிறு பொருளாதாரங்கள் தொடங்கியதை அமெரிக்கா கையிலெடுத்தது. 2016 பிப்ரவரியில் ஆக்லாந்தில் 12 நாடுகள் கையெழுத்திட்டன. 2017 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அமெரிக்காவை அதிலிருந்து விலக்கிக்கொண்டார். எஞ்சிய 11 நாடுகள் 22 பிரிவுகளை நிறுத்திவைத்து, சி.பி.டி.பி.பி. என்ற பெயரில் அதைத் தொடர்ந்தன; 2018 டிசம்பர் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது. 2024 டிசம்பரில் பிரிட்டனும் அதில் சேர்ந்தது.

இந்த ஒரே ஒப்பந்தத்தைப் பற்றி 2016இல் வந்த மூன்று மதிப்பீடுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. பீட்டர் பெட்ரியும் மைக்கேல் பிளம்மரும் செய்த கணக்கில், அமெரிக்காவின் உண்மை வருமானம் 2030இல் ஆண்டுக்கு 131 பில்லியன் டாலர், அதாவது 0.5 விழுக்காடு கூடும். அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தின் கணக்கில் 2032இல் நாட்டு உற்பத்தி 0.15 விழுக்காடு மட்டுமே கூடும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரோனிம் கபால்டோ, அலெக்ஸ் இசுரியேட்டா, மலேசியப் பொருளியலாளர் ஜோமோ குவாமே சுந்தரம் ஆகியோர் செய்த கணக்கில் அமெரிக்காவில் நான்கரை லட்சம் வேலைகள் போகும்.

வேறுபாட்டுக்குக் காரணம் மாதிரியின் அனுமானம். முதல் வகை மாதிரி, ஓரிடத்தில் வேலை இழந்தவர் இன்னோரிடத்தில் வேலை பெற்றுவிடுவார் என்று எடுத்துக்கொள்கிறது. டஃப்ட்ஸ் மாதிரி அப்படி எடுத்துக்கொள்வதில்லை. கூலி குறைந்தால் நுகர்வு குறையும், நுகர்வு குறைந்தால் வேலையும் குறையும் என்று போகிறது. இது பயனுள்ள விவாதம். ஆனால் எரிசக்தியைப் பொறுத்தவரை இரு தரப்புக்கும் பொதுவான ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கச்சா எண்ணெய், எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றின் மீது வாங்கும் நாடுகள் விதிக்கும் வரி பெரும்பாலும் சுழியம், அல்லது அதை ஒட்டியது. எரிபொருள் இல்லாத நாடு அதன்மேல் எதற்கு வரி போடும்? வரி குறைப்பின் விளைவை அளக்கவே கட்டப்பட்ட மாதிரி, வரியே இல்லாத பண்டத்தில் அதிகம் அளப்பதற்கு எதையும் காண்பதில்லை. எரிசக்தியில் அச்சுறுத்தல் விலை, தட்டுப்பாடு, தடை என்ற வடிவில் வருகிறது. அது ஒரு வாரத்தில் வந்து ஒரு மாதத்தில் போய்விடும். 2030இன் சராசரி வருமானத்தைக் கணக்கிடும் மாதிரியில் அந்த ஒரு மாதம் பதிவாவதே இல்லை.

ஒப்பந்தம் வேறு, உடன்படிக்கை வேறு

அரசுகள் பேசிக்கொண்டிருந்தபோதே பசிபிக்கின் எரிசக்தி வணிகம் வேறொரு பாதையில் வளர்ந்துவிட்டது. 1969 நவம்பரில் அலாஸ்காவின் கீனாயிலிருந்து ஜப்பானின் நெகிஷி முனையத்துக்கு எல்.என்.ஜி. எனப்படும் திரவ இயற்கை எரிவாயு வந்திறங்கியது. வாங்கியவர்கள் டோக்கியோ கேஸும் டோக்கியோ மின் நிறுவனமும். எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் கொள்ளளவு 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். குழாய் போட முடியாத பெருங்கடலைக் கப்பல் கடந்துவிடும். அதன்பின் 1972இல் புருனே, 1977இல் இந்தோனேசியாவின் போண்டாங், 1983இல் மலேசியாவின் பிந்துலு, 1989இல் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடற்பகுதி, 2014இல் பாப்புவா நியூ கினி என்று வரிசை நீண்டது.

இந்தத் தொழிலில் ஆலைக்கும் கப்பலுக்கும் முனையத்துக்கும் முன்கூட்டியே பல பில்லியன் டாலர் கொட்ட வேண்டும். வாங்குபவர் உறுதி இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. எனவே இருபது ஆண்டு நீண்டகால ஒப்பந்தம், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் என்ற நிபந்தனை, கச்சா எண்ணெயோடு பிணைத்த விலை, குறித்த துறைமுகத்தில்தான் இறக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஆகியவை வழக்கமாயின. எரிசக்திப் பாதுகாப்பு என்று இன்று நாம் சொல்வதை, அன்று நிறுவனங்களும் அவற்றின் வழக்கறிஞர்களும் எழுதிய ஒப்பந்தப் பிரிவுகளே பசிபிக்குக்குக் கொடுத்தன. அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்கு அதில் பங்கு குறைவு.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து இந்த ஏற்பாட்டைச் சோதித்தது. ஜப்பானின் அணு உலைகள் ஒவ்வொன்றாக நின்றன. எரிவாயு இறக்குமதி ஏறியது. வாங்கியதை மறுவிற்பனை செய்ய விடாத நிபந்தனை அப்போதுதான் உறுத்தத் தொடங்கியது. ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையம் 2017 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, அத்தகைய கட்டுப்பாடுகள் போட்டிச் சட்டத்தை மீறக்கூடும் என்றது. புதிய ஒப்பந்தங்களில் அவை தளரத் தொடங்கின. ஒரு வாங்கும் நாட்டின் போட்டி ஆணையம் செய்த ஆய்வு, பெரும் மாநாடுகள் சாதிக்காத மாற்றத்துக்கு வழிவிட்டது.

வணிக உடன்படிக்கையும் எரிவாயுவும் நேரடியாகச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்கச் சட்டத்துக்குள் இருக்கிறது. 1938ஆம் ஆண்டின் இயற்கை எரிவாயுச் சட்டத்தின்படி, எரிவாயு வணிகத்தை உள்ளடக்கிய தடையற்ற வர்த்தக உடன்படிக்கை உள்ள நாட்டுக்கு ஏற்றுமதி செய்வது பொதுநலனுக்கு உகந்ததாகக் கருதப்பட்டு, அனுமதி தானாகக் கிடைக்கும். மற்ற நாடுகளுக்கு எரிசக்தித் துறை ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும். தென் கொரியாவுக்கு 2012 முதல் அந்த உடன்படிக்கை இருக்கிறது, ஜப்பானுக்கு இல்லை. டி.பி.பி. நிறைவேறியிருந்தால் ஜப்பானும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும். டி.பி.பி.யின் சுங்க வரி அட்டவணையில் தேடினால் இந்தப் பலன் கிடைக்காது. 2024 ஜனவரியில் பைடன் அரசு, உடன்படிக்கை இல்லாத நாடுகளுக்கான புதிய அனுமதிகளை நிறுத்திவைத்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு அதை நீக்கியது. ஒரு வர்த்தக உடன்படிக்கையின் எரிசக்தி மதிப்பு என்ன என்பது டோக்கியோவுக்கு அந்த ஓராண்டில் தெளிவாகப் புரிந்திருக்கும்.

விற்பவர் கதவை மூடும்போது

ஏற்றுமதித் தடை ஏதோ ஏழை நாடுகளின் பழக்கம் என்று நினைக்க இடமில்லை. அலாஸ்கா எண்ணெய்க் குழாய்க்கு அனுமதி தந்த 1973ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், அந்த எண்ணெயை வெளிநாட்டுக்கு விற்பதை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்தது. கடலுக்கு அப்பால் ஜப்பான் வாங்கத் தயாராக இருந்தது. ஆனால் 1977இல் எண்ணெய் வரத் தொடங்கியபோது, அதில் ஒரு பகுதி பனாமா வழியாகச் சுற்றிக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவின் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போனது. தடை நீங்கியது 1995இல். நாட்டின் ஏனைய கச்சா எண்ணெய்க்கு 1975இல் வந்த தடை 2015 டிசம்பர் வரை நீடித்தது.

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் நுட்பமானது. குவீன்ஸ்லாந்தின் கிளாட்ஸ்டோன் அருகே கர்டிஸ் தீவில் மூன்று திரவ எரிவாயு ஆலைகள் 2014 முதல் அடுத்தடுத்து ஏற்றுமதியைத் தொடங்கின. அதுவரை உள்நாட்டுக்குள் மட்டும் விலை போன கிழக்குக் கரையின் எரிவாயு, ஆசியச் சந்தை விலையோடு இணைந்துகொண்டது. உள்ளூர்த் தொழிற்சாலைகள் விலை தாங்க முடியாமல் குரல் எழுப்பின. 2017இல் அரசு, தட்டுப்பாடு வந்தால் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைத் தனக்கு வகுத்துக்கொண்டது. அந்த மிரட்டலே போதுமானதாக இருந்தது. நிறுவனங்கள் உள்நாட்டுக்கு எரிவாயு ஒதுக்க உடன்பட்டன. மேற்கு ஆஸ்திரேலியா இதே சிக்கலை 2006இலேயே எதிர்பார்த்து, எரிவாயுவில் 15 விழுக்காட்டை உள்நாட்டுக்கு ஒதுக்கும் கொள்கையை அறிவித்திருந்தது. விதி முதலீட்டுக்கு முன்பே தெரிந்திருந்தால் வாங்குபவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார். பிறகு வந்தால் அது துரோகமாகத் தெரியும். இரண்டு மாநிலங்களின் அனுபவமும் சொல்வது இதைத்தான்.

இந்தோனேசியாவிலும் ஒதுக்கீடு இருந்தது. சுரங்க நிறுவனங்கள் உற்பத்தியில் 25 விழுக்காட்டை உள்நாட்டுக்கு, மின் நிலையங்களுக்கு டன்னுக்கு 70 டாலர் உச்சவிலையில், கொடுக்க வேண்டும். 2021 இறுதியில் சந்தை விலை அதன் இரு மடங்கைத் தாண்டியபோது பல நிறுவனங்கள் கப்பலைத்தான் நிரப்பின. அரசு எல்லாருக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியது. ஒதுக்கீட்டை நிறைவேற்றிய நிறுவனமும் அதன் வாங்குபவரும்கூடத் தண்டிக்கப்பட்டார்கள். மலேசியா 2021 அக்டோபரில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைச் சிங்கப்பூருக்கு விற்கத் தடை விதித்து, 2023 மே மாதம் நீக்கியது. தன் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காட்டை இறக்குமதி எரிவாயுவில் தயாரிக்கும் சிங்கப்பூருக்கு அது நல்ல செய்தி அல்ல.

வாங்குபவரும் இந்த ஆயுதத்தை எடுப்பதுண்டு. 2020 அக்டோபரில் சீனா ஆஸ்திரேலிய நிலக்கரியை அறிவிக்காமலே நிறுத்தியது. அந்த நிலக்கரி இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் திரும்பியது. அடுத்த ஆண்டு மின்வெட்டில் தவித்தது சீனாதான். 2023 தொடக்கத்தில் தடை விலகியது. பல வாங்குபவர்கள் உள்ள பண்டத்தில் வாங்குபவரின் புறக்கணிப்பு பலிக்காது. சில விற்பவர்களே உள்ள பண்டத்தில் விற்பவரின் மறுப்பு பலித்துவிடும். 2010இல் சீனாவின் அரிய மண் தனிமங்கள் ஜப்பானுக்குச் செல்வது தடைபட்டபோது தெரிந்ததும் அதுவே.

இந்த விளைவு பசிபிக் அமைப்புகளுக்கு வெளியே நிற்கும் இந்தியாவையும் எட்டியது. ஏபெக்கில் உறுப்பினர் அல்லாத, ஆர்செப்பிலிருந்து 2019இல் விலகிய இந்தியா, இந்தோனேசிய நிலக்கரியைப் பெருமளவில் எரிக்கிறது. தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் அது இறங்குகிறது. 2010 செப்டம்பரில் இந்தோனேசியா தன் நிலக்கரியைச் சர்வதேச விலைக்குக் குறையாமல்தான் விற்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தபோது, மலிவு விலை ஒப்பந்தத்தை நம்பிக் குஜராத்தின் முந்த்ராவில் மின் நிலையம் கட்டிய டாடா, அதானி நிறுவனங்களின் கணக்கு தலைகீழானது. வெளிநாட்டில் மாறிய சட்டத்தைக் காட்டி மின்கட்டணத்தை உயர்த்த முடியாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜகார்த்தாவில் போட்ட கையெழுத்தின் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்வியைத் தீர்க்க, இரு நாடுகளுக்கும் இடையே எந்தப் பொது விதியும் இருக்கவில்லை.

சட்டத்தில் உள்ள ஓட்டை

உலக வர்த்தக விதிகள் ஏற்றுமதித் தடையை அனுமதிக்கின்றனவா? சுங்க வரி, வணிகம் பற்றிய பொது உடன்பாடான காட் ஒப்பந்தத்தின் 11ஆம் விதி அளவுக் கட்டுப்பாடுகளைத் தடுக்கிறது. ஆனால் இன்றியமையாப் பண்டத்தில் கடும் தட்டுப்பாடு வந்தால் தற்காலிகத் தடைக்கு அதே விதி இடம் கொடுக்கிறது. 20ஆம் விதி தீர்ந்துபோகும் இயற்கை வளத்தைக் காக்கவும், 21ஆம் விதி நாட்டுப் பாதுகாப்புக்காகவும் விலக்கு அளிக்கின்றன. ஏற்றுமதி வரிக்குப் பொதுவான வரம்பே கிடையாது. அரிய மண் தனிமங்களின் வழக்கில் 2014இல் சீனா தோற்றது உண்மைதான். ஆனால் உலக வர்த்தக அமைப்பில் சேரும்போது ஏற்றுமதி வரி குறித்துச் சீனா தனியாகக் கொடுத்திருந்த வாக்குறுதியும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மேலும், சம்பவம் நடந்தது 2010இல். அந்த இடைவெளியில் ஜப்பான் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. 2011இலேயே அதன் அரசு நிறுவனமும் சோஜித்ஸ் வணிக நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் லைனஸ் சுரங்க நிறுவனத்தில் 250 மில்லியன் டாலர் போட்டு, மலேசியாவின் குவாந்தானில் சுத்திகரிக்கும் மாற்று வழியை உறுதி செய்தன.

ஆர்செப்பும் சி.பி.டி.பி.பி.யும் ஏற்றுமதித் தடையைப் பொறுத்தவரை காட் ஒப்பந்தத்தின் 11ஆம் விதியை அப்படியே தங்களுக்குள் எடுத்துக்கொள்கின்றன. கவனிக்க வேண்டிய ஒரு விதிவிலக்கு உண்டு. உணவுப் பொருளுக்குத் தடை விதித்தால் இயன்றவரை 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும், இயல்பாக ஆறு மாதத்துக்குள் விலக்க வேண்டும் என்று சி.பி.டி.பி.பி. சொல்கிறது. எரிபொருளுக்கு அப்படி ஒரு பிரிவு அதில் எழுதப்படவில்லை. ஜப்பான் இந்த இடைவெளியை இருதரப்பு உடன்படிக்கைகளால் நிரப்பப் பார்த்தது. 2008இல் இந்தோனேசியாவோடும் புருனேயோடும், 2015இல் ஆஸ்திரேலியாவோடும் அமலான உடன்படிக்கைகளில் எரிசக்திக்கும் கனிமங்களுக்கும் தனி அத்தியாயமே உண்டு. அவற்றின் சாரம் ஆலோசனை, தகவல் பரிமாற்றம். 2022இன் தடையை அந்த அத்தியாயம் தடுக்கவில்லை.

விற்பவரை உண்மையாகக் கட்டிய பிரிவு பசிபிக் கரையில் எழுதப்பட்டதுண்டு. வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக உடன்படிக்கையின் 605ஆம் பிரிவின்படி, கனடா எரிசக்தி ஏற்றுமதியைக் குறைத்தாலும், மொத்த விநியோகத்தில் முந்தைய 36 மாதங்களில் அமெரிக்காவுக்குக் கொடுத்த பங்கைக் குறைக்க முடியாது. மெக்சிகோ அதிலிருந்து விலகி நின்றது. இறையாண்மை போகிறது என்ற எதிர்ப்பு கனடாவில் தொடர்ந்து இருந்தது. 2020இல் அமலான புதிய உடன்படிக்கையில் அந்தப் பிரிவு இல்லை. பலமான அண்டை நாடு ஒன்று ஒருதலையாகச் சுமத்தியதாகத் தோன்றிய விதி நிலைக்கவில்லை.

தூய எரிசக்தியிலும் அதே கோளாறு

ஏபெக்கின் எரிசக்திப் பணிக்குழு 1990இல் தொடங்கியது. டோக்கியோவில் ஏபெக் எரிசக்தி ஆய்வு மையம் 1996இல் வந்தது. இவற்றின் உறுதியான பங்களிப்பு, ஒரே அளவையில் தொகுத்த புள்ளிவிவரமும் நெடுங்கால முன்கணிப்பும். 2007இல் சிட்னியில் எரிசக்திச் செறிவை 2030க்குள் 25 விழுக்காடு குறைப்பது என்று தலைவர்கள் இலக்கு வைத்தார்கள்; 2011இல் அதை 2035க்குள் 45 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2014இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் பங்கை 2030க்குள் இரட்டிப்பாக்குவது என்று சேர்த்துக்கொண்டார்கள். யாரையும் பாதிக்காத இலக்குகளில் ஏபெக் முறை நன்றாகவே உழைக்கிறது.

2012இல் விளாதிவோஸ்தோக்கில் 54 சுற்றுச்சூழல் பண்டங்களின் வரியை 2015 இறுதிக்குள் 5 விழுக்காட்டுக்குள் கொண்டுவர ஒப்புக்கொண்டது ஏபெக்கின் வணிகச் சாதனைகளில் முக்கியமானது. சூரிய மின்கலம் அந்தப் பட்டியலில் உண்டு. அமெரிக்கா 2018இல் அதே மின்கலத்தின்மீது பாதுகாப்பு வரியாக 30 விழுக்காடு விதித்தது. சீனத் தொழிற்சாலைகள் தென்கிழக்கு ஆசியாவுக்கு நகர்ந்தன. கம்போடியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் வழியாக வருவதற்கு 2022இல் இரண்டாண்டு விலக்கு கொடுத்த வாஷிங்டன், 2025இல் அந்நாட்டுப் பொருள்கள்மீதும் பெரும் வரிகளை உறுதி செய்தது. எண்ணெய் காலத்தில் விற்பவரின் தடை பிரச்சினை என்றால், சூரிய ஆற்றல் காலத்தில் வாங்குபவரின் வரியும் கனிமம் விற்பவரின் தடையும் சேர்ந்தே நிற்கின்றன.

மின்கம்பிகளால் இணைப்பது இன்னொரு வழி. ஆசியான் மின் கட்டமைப்பு 1990களிலிருந்து பேசப்படுகிறது. 2022 ஜூனில் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு 100 மெகாவாட் அளவில் போகத் தொடங்கியது. அளவு சிறியதுதான், ஆனால் நான்கு நாடுகளின் மின் வாரியங்கள் கட்டணத்தையும் பொறுப்பையும் பிரித்து எழுதிய முதல் முன்மாதிரி அது. ஆஸ்திரேலியப் பாலைவனச் சூரிய மின்சாரத்தைச் சுமார் 4,300 கிலோமீட்டர் கடலடி மின்வடத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுவர நினைத்த சன் கேபிள் நிறுவனம், முதலீட்டாளர்களின் கருத்து வேறுபாட்டால் 2023 ஜனவரியில் நிர்வாகிகளின் கைக்குப் போய்ப் பிறகு கைமாறியது.

கணக்கில் வராத தீவுகள்

இந்த விவாதங்களில் எப்போதும் அடிக்குறிப்பாகவே நிற்பவை பசிபிக் தீவு நாடுகள். கடலின் பெயரைத் தாங்கிய அமைப்பான ஏபெக்கில் பாப்புவா நியூ கினியைத் தவிர அவற்றில் ஒன்றும் உறுப்பினர் இல்லை. டீசல் ஜெனரேட்டரில் விளக்கெரியும் தீவுகளுக்கு எரிபொருள் சிறு கப்பல்களில், பல துறைமுகங்கள் தாண்டி, ஓரிரு விற்பனையாளர்களிடமிருந்து வருகிறது. பேரம் பேச அளவு இல்லை. ஏறக்குறைய முழுவதும் டீசலை நம்பியிருந்த டோக்கலாவ் 2012இல் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூரிய ஒளிக்கு மாற்றியதற்குப் பின்னால் இருந்தது காலநிலை அக்கறை மட்டுமல்ல, செலவுக் கணக்கும்தான்.

தீவுகளுக்கான வர்த்தக உடன்படிக்கையான பேசர் பிளஸ் 2020 டிசம்பரில் அமலுக்கு வந்தது. தீவுகளின் இரு பெரிய பொருளாதாரங்களான பாப்புவா நியூ கினியும் ஃபிஜியும் அதில் சேரவில்லை. ஆஸ்திரேலியப் பொருளுக்கு வரி குறைத்தால் அரசின் வருமானம் போகும், பதிலுக்குக் கிடைப்பது என்ன என்பதே தயக்கத்தின் சாரம். ஃபிஜியில் எரிசக்தி வணிகத்தின் வேறொரு வடிவம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் உழைப்பும் சேர்ந்து வளர்ந்த கரும்புத் தொழிலில், இன்று சக்கையை எரித்துக் கிடைக்கும் மின்சாரத்தை ஆலைகள் நாட்டின் மின் கட்டமைப்புக்கு விற்கின்றன. சர்க்கரை விலை சரிந்தால் அரைவை குறையும், அரைவை குறைந்தால் மின்சாரம் குறையும். இப்படிச் சிறு பொருளாதாரங்களில் வணிகமும் எரிசக்தியும் ஒரே கணக்காக இருப்பதை, தனித்தனிப் பணிக்குழுக்கள் வைத்து ஆராயும் முறை பார்க்கத் தவறுகிறது.

செய்ய வேண்டியது

இதுவரை நடந்த ஆய்வைக் குறை சொல்வது எளிது. பயனற்றது என்று சொன்னால் அது பொய். அறிஞர்கள் அமைத்த மேசை இல்லையென்றால் அரசுகள் அமர இடமே இருந்திருக்காது. ஆனால் அடுத்த கட்ட ஆய்வு தன் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, தட்டுப்பாட்டு நடத்தையை விதியாக்க வேண்டும். முன்னறிவிப்பு, கால வரம்பு ஆகிய இரண்டும் உணவுக்குச் சி.பி.டி.பி.பி.யில் ஏற்கெனவே உள்ளன. எரிபொருளுக்கும் அவற்றை நீட்டிப்பதில் புதுமை ஏதும் இல்லை. குறைக்க வேண்டிவந்தால் உள்நாட்டுப் பயனரும் ஒப்பந்தம் உள்ள வெளிநாட்டுப் பயனரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். கனடாவைக் கட்டிய 605ஆம் பிரிவு போல நிரந்தரமாக வேண்டாம். மாதக் கணக்கில் வரம்பு வைத்து எழுதலாம். சிறு தீவுகளுக்குப் போகும் சொற்ப அளவை எந்தத் தடையும் தொடாது என்று விலக்கு கொடுப்பதால் எந்தப் பெரிய நாட்டுக்கும் இழப்பு வராது.

இரண்டாவதாக, கையிருப்பு. 1974இல் உருவான பன்னாட்டு எரிசக்தி முகமையின் உறுப்பினர்கள் 90 நாள் இறக்குமதி அளவுக்கு எண்ணெய் வைத்திருக்க வேண்டும். தென்கிழக்கு ஆசிய நாடுகள் அந்த முழு உறுப்பினர் வட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. ஆசியானின் பெட்ரோலியப் பாதுகாப்பு உடன்படிக்கையோ தன்விருப்ப, வணிக அடிப்படையில்தான் உதவி பேசுகிறது. 90 நாள் கடமையைப் பல ஆண்டுகள் நிறைவேற்றாத ஆஸ்திரேலியா, 2020இல் தன் எண்ணெயை அமெரிக்கக் கையிருப்புக் கிடங்கில் வாங்கிவைத்தது. கடலுக்கு அப்பால் இருக்கும் கையிருப்பு தன் கரைக்கு எத்தனை நாளில் வந்து சேரும் என்பதைக் கணக்கிடாத வரை அது ஏட்டில் உள்ள பாதுகாப்பு மட்டுமே.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கடினமானது: விற்பவர் ஏன் இதற்கு ஒப்ப வேண்டும்? இங்கேதான் காலம் மாறியிருக்கிறது. 2020 செப்டம்பர் 22 அன்று சீனா 2060க்குள்ளும், அக்டோபர் 26 அன்று ஜப்பான் 2050க்குள்ளும், அக்டோபர் 28 அன்று தென் கொரியா 2050க்குள்ளும் கரிம நடுநிலையை எட்டுவதாக அறிவித்தன. சுமார் ஐந்து வாரங்களில் ஆசியாவின் மூன்று பெரும் வாங்குபவர்கள் விடைபெறும் தேதியைச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் தடை விதிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தாலும், வாங்க ஆள் இல்லாமல் போகும் பயம் அவற்றுக்கு இப்போது உண்டு. வாங்குபவர் தன் விலகலின் அட்டவணையை முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, சுரங்க மாவட்டங்களின் மாற்றுத் தொழிலுக்கு முதலீடும் தர வேண்டும். அதற்கு ஈடாக விற்பவர் அந்தக் காலம் முழுவதும் திடீர்த் தடை போடுவதில்லை என்று எழுதித்தரலாம். இதுவரை இரு தரப்புக்கும் கொடுத்து வாங்கப் பொதுவான ஒன்று இருக்கவில்லை, இப்போது இருக்கிறது.

இந்தப் பேரத்துக்கான வாய்ப்பு என்றைக்கும் நீடிக்கப்போவதில்லை. வாங்கும் நாடுகள் விலகி முடித்த பிறகு விற்பவருக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. கனிமங்களுக்கான போட்டி முற்றிய பிறகு வாங்குபவருக்குக் கேட்கும் துணிவு இருக்காது. ஆகவே இனி வரும் எந்த வட்டார உடன்படிக்கையையும், எத்தனை பண்டங்களுக்கு வரி குறைத்தது என்பதைக் கொண்டு அளப்பது போதாது. நிலக்கரியோ எரிவாயுவோ நிக்கலோ தீர்ந்துபோகும் வாரத்தில் விற்கும் நாடு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், எவ்வளவு குறைக்கலாம், எப்போது மீண்டும் திறக்க வேண்டும் என்ற மூன்று எண்களும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லாத உடன்படிக்கையை வணிக உடன்படிக்கை என்று சொல்லலாம். எரிசக்திக் கூட்டுறவு என்று சொல்ல முடியாது.